கன்னிவாடி வழியாகச் செம்பட்டிக்கு

திண்டுக்கல்

திண்டுக்கல் நகரின் நடுவே மொட்டைப் பாறையாக எழுந்து நிற்கும் மலையையும், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர்கள் அதன் மேல் எழுப்பத் தொடங்கிய கோட்டையையும் பார்த்துவிட்டுத் திரும்புவது இந்நகருக்கு வருவோரின் வழக்கம். ஆயினும் இவ்வட்டாரத்தின் இன்றைய வாழ்க்கையை அறிய விரும்பும் பயணி, கோட்டைக்கு ஏறும் முன் பேருந்து நிலையத்தில் சிறிது நேரம் நிற்பது நல்லது. வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வேன்கள் விடியுமுன் ஊர் ஊராக நின்று செல்கின்றன. அவற்றின் சன்னலோரங்களில் அமர்ந்திருக்கும் இளம்பெண்களில் பலருடைய முகத்தில் கைபேசியின் வெளிச்சம் விழுகிறது. அடுத்து வரும் பேருந்துகளில் கல்லூரி மாணவர்களும், அரசுப் பணித் தேர்வுக்குப் படிப்போரும் வந்து இறங்குகின்றனர். அவர்கள் கையிலும் அதே கருவி உள்ளது. பிரியாணிக் கடைகளில் சீரகச் சம்பா அரிசி கொதிக்கத் தொடங்கும் நேரத்தில், பூட்டுக்கும் தோலுக்கும் பெயர் பெற்ற இந்த ஊரின் சுவர்களில் இன்று மிகுதியாகக் காணப்படுபவை பயிற்சி நிலையங்களின் விளம்பரங்களே.

கருவி வந்த வேகத்தை அளந்து பார்க்க ஒரு கணக்கு உதவும். இந்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வு 2017-18இல் எடுத்த 75ஆம் சுற்றுக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் கிராமப்புறக் குடும்பங்களில் நூற்றுக்கு 4.4 மட்டுமே கணினி வைத்திருந்தன. இணைய வசதி பெற்றவை நூற்றுக்கு 14.9. அதற்குப் பிறகு மலிவான கைபேசி இணையமும், பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுக்குள் வந்துசேர்ந்த பள்ளிக்கூடமும் இந்நிலையை வெகுவாக மாற்றின. எனவே இனிக் கேட்க வேண்டியது இணையம் வந்ததா என்பதன்று. வந்த இணையத்தின் வழியே ஓர் இளைஞருக்குத் தேவையான தகவல், தேவையான நாளில், நம்பத்தக்க வடிவில் வந்து சேருகிறதா என்பதே. ஐரோப்பிய நாடுகள் நாற்பது ஆண்டுகளாக இக்கேள்வியைக் கேட்டு, அதற்கெனத் தனித் துறையையே வளர்த்துள்ளன. அதே கேள்விக்குத் திண்டுக்கல் சமவெளியின் சிற்றூர்கள் சில இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு விடை சொல்லியிருக்கின்றன என்பதே கன்னிவாடிச் சாலையில் பயணம் செய்வதற்குரிய காரணம்.

ரெட்டியார்சத்திரம்

பழனிச் சாலையில் மேற்கே செல்லச் செல்ல நகரம் விரைவில் பின்தங்கி, இடப்புறம் கொடைக்கானல் மலைத்தொடரின் கீழ்ச்சரிவுகள் நீல நிறத்தில் உடன் வரத் தொடங்குகின்றன. செம்மண்ணும் கரிசலும் மாறி மாறி வரும் நிலத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் முருங்கையும் காய்கறியும் விளைகின்றன. கால்நடைகளின் நலம் வேண்டி உழவர்கள் ஏறும் கோபிநாத சுவாமி மலைக்கோயில் ரெட்டியார்சத்திரத்தின் அடையாளமாக இருக்க, அதே ஊரில் இந்திய-இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தின் கீழ் அமைந்த காய்கறி மகத்துவ மையம் நிழல்வலைக் குடில்களில் நாற்றுகளை வளர்த்துத் தருகிறது. சாலையோரத் தள்ளுவண்டியில் மோர்மிளகாயும் சின்ன வெங்காயமும் தொட்டுக்கொள்ள வைத்து ஊற்றித் தரும் கம்மங்கூழ், வெயிலேறிய பின் இவ்வழியே செல்வோருக்குப் போதுமான உணவாகிவிடுகிறது.

இங்கிருந்து மேற்கே ஒட்டன்சத்திரம் வரை நீளும் நிலப்பகுதியில் ஐரோப்பாவோடு நேரடியான ஓர் உறவு மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. கண்வலிக்கிழங்கு என்று உழவர்களும் செங்காந்தள் என்று புலவர்களும் அழைக்கும் கொடியின் விதையிலிருந்து, கீல்வாத நோய்க்குத் தரப்படும் கோல்சிசின் என்னும் வேதிப்பொருள் எடுக்கப்படுகிறது. ஒட்டன்சத்திரம், தாராபுரம், மூலனூர்ப் பகுதிகளில் விளையும் இவ்விதையில் பெரும்பகுதி ஐரோப்பிய மருந்து நிறுவனங்களைச் சென்றடைகிறது. விதையை வாங்கும் இறுதி நிறுவனம் எது, அங்கு அதற்கு என்ன விலை என்பதை விளைவிப்பவர் அறிய வழியின்றி, இடையில் நிற்போர் சொல்லும் விலையே விலையாகிவிடுகிறது. ஒரு பருவத்தில் ஏறி மறுபருவத்தில் சரியும் இவ்விலையை முன்னிட்டு, அரசே கொள்முதல் விலையை அறிவிக்க வேண்டும் என்று உழவர்கள் பலமுறை கோரியுள்ளனர். நிலம் ஐரோப்பாவோடு இணைந்துவிட்டது; தகவல் இணையவில்லை. இப்பகுதி இளைஞரின் நிலையும் இதைப் போன்றதே என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கன்னிவாடி

நெடுஞ்சாலையை விட்டுத் தெற்கே திரும்பினால் மலை நெருங்கி வருகிறது. கசவனம்பட்டியில், வாழ்நாளின் பெரும்பகுதியைப் பேசாமலே கழித்த மௌன சுவாமிகளின் சமாதிக்கு வருவோர் மரத்தடிகளில் அமர்ந்திருக்கின்றனர். அதைக் கடந்து சென்றால், மதுரை நாயக்கர் காலத்துப் பாளையங்களுள் ஒன்றாக இருந்து இன்று பேரூராட்சியாக உள்ள கன்னிவாடி, மலையடிவாரத்தில் தென்னைகளுக்கிடையே பரந்து கிடக்கிறது. ஊருக்கு அருகே நாயோடை நீர்த்தேக்கம். மேற்கே அடுக்கடுக்காக மலை. தேநீர்க் கடையில் வடையும் பணியாரமும் மலைவாழையும் கிடைக்கின்றன. சென்னை போன்ற நகரிலிருந்து வருபவருக்கு முதலில் கண்ணில் படும் வேறுபாடு, இங்கு ஒருவர் வழி கேட்டால் கைபேசியைப் பார்க்காமல் உடன் நடந்து வந்து காட்டுவதற்கு ஆள் இருப்பதே.

அறிவியலாளர் எம்.எஸ்.சுவாமிநாதன் 1988இல் சென்னையில் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம், 1990களில் 'உயிரிக் கிராமம்' என்னும் திட்டத்தோடு கன்னிவாடிப் பகுதிக்கு வந்தது. இயற்கை வளத்தைக் கெடுக்காமல் அதிலிருந்தே கிராமத்துக்குக் கூடுதல் வருவாயும் வேலையும் உருவாக்குவது உயிரிக் கிராமத்தின் நோக்கம். பூச்சியின் முட்டையை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளை வளர்ப்பது, பயிர் நோயைக் கட்டுப்படுத்தும் நுண்ணுயிர்ப் பூசணங்களைப் பெருக்குவது போன்ற, ஆய்வகத்துக்குரியவை என்று கருதப்பட்ட தொழில்களை மகளிர் சுயஉதவிக் குழுக்கள் கற்றுக்கொண்டன. ரெட்டியார்சத்திர வட்டாரத்து உழவர்கள் விதை வளர்ப்போர் சங்கமாக ஒன்று கூடினர். பள்ளிப் படிப்பு குறைந்த பெண்களுக்கு நுண்ணோக்கியைக் கையாளும் திறன் வந்தது என்பது, பிற்காலத்தில் கணினி வந்தபோது அது ஏன் அந்நியமாகத் தோன்றவில்லை என்பதை விளக்குகிறது.

இந்நிறுவனம் 1998இல் புதுச்சேரிக் கிராமங்களில் தொடங்கிய தகவல் கிராமத் திட்டம் பின்னர் கன்னிவாடி வட்டாரத்துக்கும் 'கிராம அறிவு மையம்' என்ற பெயரில் வந்தது. கிராம அறிவு மையம் என்பது கணினியும் தொலைபேசியும் கொண்ட ஓர் அறை. இடத்தை ஊர் தரும், கருவியை நிறுவனம் தரும், அங்கு அமர்ந்து பணியாற்றுபவரை ஊர் தன்னிலிருந்தே தேர்ந்தெடுக்கும். அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் பெண்கள் கணிசமாக இருந்தனர். மையத்தைத் திறப்பதற்கு முன்பு அவ்வூர் மக்களுக்கு எத்தகவல் தேவை என்று கேட்டறிவது விதியாக இருந்தது. ஒடுக்கப்பட்ட சமூகத்தார் உட்பட ஊரார் அனைவரும் உள்ளே வரத் தடையில்லாத இடமாக மையம் இருக்க வேண்டும் என்பது மற்றொரு விதி. புதுச்சேரியின் வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்த அலை உயரக் கணிப்பை ஒவ்வொரு நாளும் தமிழாக்கி ஒலிபெருக்கியில் அறிவித்ததும், 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடுக் கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த தொலைபேசி எச்சரிக்கை அதே ஒலிபெருக்கி வழியே ஊரெங்கும் பரவி மக்களைக் கடற்கரையிலிருந்து விலகச் செய்ததும் இம்முறையின் வலிமையை உலகறியச் செய்தன. கடலோரத்தில் அலை உயரம் எதுவோ, கன்னிவாடி போன்ற உழவர் நிலத்தில் மழையும் சந்தை விலையும் கால்நடை நோயும் அரசுத் திட்டமும் தேர்வு அறிவிப்பும் அதுவே.

இம்முறையில் கணினியைவிட முக்கியமானவர் அதன் முன் அமர்ந்தவர். தகவலைத் தேடி எடுப்பது, அது உண்மைதானா என்று உரிய துறையிடம் கேட்டு உறுதி செய்வது, ஊர்ப் பேச்சில் எழுதிக் கரும்பலகையில் வைப்பது, படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுவது ஆகிய நான்கு வேலைகளும் அவருடையவை. இத்தகைய ஊர்ப் பணியாளர்களைப் பயிற்றுவிக்கவும் மதிப்பளிக்கவும் 2003இல் ஜாம்ஷெட்ஜி டாட்டா தேசிய மெய்நிகர் கழகம் என்ற அமைப்பு தொடங்கப்பட்டு, கிராமத்து ஆண்களும் பெண்களும் அதன் 'ஆய்வறிஞர்' தகுதி பெற்றனர். பட்டத்தைப் பார்க்காமல், ஒருவர் தம் ஊருக்குச் செய்த அறிவுப் பணியைப் பார்த்து அளிக்கப்பட்ட தகுதி அது. இந்தியக் கல்வி வரலாற்றில் போதிய கவனம் பெறாமல் போன முயற்சி என்றே இதைச் சொல்ல வேண்டும்.

இன்று தமிழகத்தின் எந்தச் சிற்றூர்ச் சாலையிலும் கூட்டம் காணும் இடம் இ-சேவை மையமும் அதன் பக்கத்துக் கணினிக் கடையும். மே, ஜூன் மாதங்களில் வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கும் கல்லூரி விண்ணப்பத்துக்கும் மாணவர்கள் அங்கு வரிசையில் நிற்கின்றனர். அக்கடைகள் செய்யும் உதவி பெரிது. எனினும் கூட்ட நெரிசலில் மாணவரின் எண்ணுக்குப் பதிலாகக் கடையின் கைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ விண்ணப்பத்தில் கொடுத்துவிடுவதும், கலந்தாய்வு அழைப்பு அதன் பின் மாணவருக்குத் தெரியாமலே போய்விடுவதும் நேரக்கூடியவை. விண்ணப்பத்தை நிரப்பித் தருவது வேறு, விண்ணப்பிக்கத் தகுந்தது எது என்று சொல்வது வேறு. முன்னதற்குக் கடை இருக்கிறது. பின்னதற்கு அன்று அறிவு மையத்தில் இருந்த நாற்காலியில் அமர இன்று ஊருக்கு ஊர் ஆள் இல்லை.

தருமத்துப்பட்டி மலைச்சாலை

கன்னிவாடியை அடுத்த தருமத்துப்பட்டியிலிருந்து ஆடலூருக்கும் பன்றிமலைக்கும் ஏறும் சாலையில் காப்பியும் மிளகும் மலைவாழையும் விளையும் தோட்டங்கள் தொடங்குகின்றன. 2008இல் புவிசார் குறியீடு பெற்ற விருப்பாச்சி மலைவாழைக்கும் சிறுமலை வாழைக்கும் உரிய குளிர்ந்த காற்று இம்மலைகளில் வீசுகிறது. வளைவுகளில் கைபேசிச் சமிக்ஞை அறுந்து போவதும், சில மேடுகளில் மட்டும் மீண்டும் கிடைப்பதும் மலையூர்களில் வழக்கம். சமிக்ஞை கிடைக்கும் பாறையை அறிந்துவைத்திருப்பதும் மலையூர் இளைஞருக்கு ஒரு திறனாகிவிடுகிறது.

செம்பட்டி

மலையடிவாரத்தை ஒட்டித் தெற்கே இறங்கினால் வத்தலக்குண்டு, பழனி, திண்டுக்கல் சாலைகள் கூடும் செம்பட்டி வருகிறது. பூக்கூடைகளும் காய்கறி மூட்டைகளும் ஏறி இறங்கும் இந்தச் சந்திப்பூருக்குத் தகவல் வரலாற்றில் ஒரு நாள் உண்டு. 2004 அக்டோபர் 18 அன்று, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து அமைத்த 'கிராம வள மையங்கள்' மூன்றை அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கிவைத்தார்; அவை தஞ்சை மாவட்டத்துத் திருவையாறு, இராமநாதபுர மாவட்டத்துத் தங்கச்சிமடம், திண்டுக்கல் மாவட்டத்துச் செம்பட்டி. சுற்றியுள்ள கிராம அறிவு மையங்களுக்குச் செயற்கைக்கோள் இணைப்பின் வழியே நடுவமாக நின்று, ஊரில் அமர்ந்திருக்கும் உழவரோ மாணவரோ தொலைவிலுள்ள அறிவியலாளரையும் மருத்துவரையும் முகம் பார்த்துக் கேள்வி கேட்கச் செய்வதே கிராம வள மையத்தின் வேலையாக இருந்தது. இம்மூன்று ஊர்களில் தொடங்கிய இவ்வமைப்பு பின்னர் நாடெங்கும் 450க்கு மேற்பட்ட இடங்களுக்குப் பரவியது.

அதே 2004ஆம் ஆண்டு ஐரோப்பாவிலும் இளைஞர்-தகவல் துறைக்கு முக்கியமானது. வேலை, படிப்பு, தன்னார்வப் பணி, பயணம் ஆகியவை பற்றிய தகவலை ஒரே இடத்தில் பல மொழிகளில் தரும் ஐரோப்பிய இளைஞர் வலைவாசல் அவ்வாண்டு திறக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் பிராட்டிஸ்லாவா நகரில் ஐரோப்பிய இளைஞர் தகவல் சாசனத்தின் புதிய வடிவம் ஏற்கப்பட்டது. தகவல் மையம் எல்லா இளைஞருக்கும் வேறுபாடின்றித் திறந்திருக்க வேண்டும், கட்டணம் கூடாது, கேட்பவரின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும், தரப்படும் தகவல் நடுநிலையானதாகவும் அண்மையதாகவும் இருக்க வேண்டும் என்பன அதன் விதிகள். செம்பட்டியைச் சுற்றிய அறிவு மையங்களின் விதிகளோடு இவற்றை ஒப்பிட்டால், ஒன்றையொன்று அறியாத இரு நிலங்கள் ஏறத்தாழ ஒரே முடிவுக்கு வந்திருப்பது தெரிகிறது.

வேறுபாடு அதன் பிறகுதான் தோன்றியது. ஐரோப்பா வலைவாசலைத் திறந்த பின்னும் மனிதரை எடுத்துவிடவில்லை. 1990இல் ஸ்காட்லாந்தில் தொடங்கிய யூரோடெஸ்க் என்னும் வலையமைப்பு இன்று முப்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் தேசிய மையங்களையும், அவற்றின் கீழ் நூலகங்களிலும் நகராட்சிகளிலும் இளைஞர் மன்றங்களிலும் பயிற்சி பெற்ற தகவல் பணியாளர்களையும் கொண்டிருக்கிறது. ஒருவர் பெற்ற தகவலைப் பலருக்குப் பரப்புவதால் அத்தகைய இடங்களுக்குப் 'பெருக்குநர்' என்று அங்கு பெயர்; நம் ஊர் அறிவு மையப் பணியாளர் செய்ததும் அதுவே. திரையைக் கொடுத்தால் திறன் தானே வந்துவிடும் என்று ஐரோப்பா நம்பவும் இல்லை. எண்மத் திறன், அதாவது டிஜிட்டல் கருவிகளைப் பயன்படுத்தும் ஆற்றல் எது என்பதை வரையறுக்க 2013இல் டிஜ்காம்ப் என்னும் சட்டகத்தை அது வெளியிட்டது. தகவலைத் தேடி எடைபோடுதல், பிறரோடு தொடர்புகொண்டு கூடி வேலை செய்தல், உள்ளடக்கம் ஆக்குதல், பாதுகாப்பு, சிக்கல் தீர்த்தல் என்னும் ஐந்து பகுதிகள் அதில் உள்ளன. கருவியை இயக்கத் தெரிவது இவை ஒவ்வொன்றிலும் சிறு பகுதியே.

அளந்து பார்த்தபோது கிடைத்த முடிவுகளும் பாடம் தருகின்றன. 2021இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் 16 முதல் 29 வயதுக்கு உட்பட்டோரில் நூற்றுக்கு 71 பேருக்கே அடிப்படை எண்மத் திறன் இருந்தது. எட்டாம் வகுப்பு மாணவரை வைத்து 2023இல் நடந்த பன்னாட்டுத் தேர்வில், ஒன்றியத்து மாணவருள் நூற்றுக்கு 43 பேர் அடிப்படை நிலையை எட்டவில்லை. கைபேசியோடு பிறந்த தலைமுறை என்று சொல்லி இளைஞரின் திறனைக் கேளாமலே விட்டுவிடுவது அங்கும் தவறு, இங்கும் தவறு.

தவறின் விலை இங்கு மிகக் கொடியது. தாய்லாந்தில் தகவல் தொழில்நுட்ப வேலை என்று சமூக ஊடகத்தில் வந்த அறிவிப்பை நம்பிச் சென்று, மியான்மர் எல்லைக்குள் கொண்டுசெல்லப்பட்டு, இணைய மோசடி செய்யும்படி வதைக்கப்பட்ட தமிழ் இளைஞர்களில் 13 பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை திரும்பினர். கணினி தெரிந்தவர்கள் என்பதாலேயே குறிவைக்கப்பட்ட இளைஞர்கள் அவர்கள். அயல்நாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர் பதிவு பெற்றவரா என்பதை இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். தமிழ்நாடு அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்திவருகிறது. இணைய மோசடியைத் தெரிவிக்க 1930 என்ற எண் உள்ளது. இவை மூன்றும் எல்லோரும் காணும்படி இணையத்தில் இருந்தும், புறப்படும் முன் 'இதைச் சரிபார்த்தாயா?' என்று கேட்க ஊரில் ஒருவர் இல்லாவிட்டால் அவை பயன்படாமலே போய்விடக்கூடும்.

காந்திகிராமம்

செம்பட்டியிலிருந்து கிழக்கே, சுங்குடிச் சேலைக்குப் பெயர்பெற்ற சின்னாளபட்டியை ஒட்டி, சிறுமலையின் நிழலில் காந்திகிராமம் இருக்கிறது. டி.எஸ்.சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947இல் நிறுவிய இந்நிறுவனத்திலிருந்து வளர்ந்து 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான கிராமிய நிறுவனத்தில், கிராமப் பணி பாடத்தின் பகுதியாக இருந்துவருகிறது. சுற்றுக்கிராமங்களிலிருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இங்கு மிகுதி. மரங்கள் அடர்ந்த வளாகத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும் மாணவியரைக் காணும் பயணிக்கு, திண்டுக்கல்லில் விடியலில் கண்ட ஆலை வேன் நினைவுக்கு வருகிறது. ஒரே ஊரின் இரண்டு பெண்கள் இரு வேறு வண்டிகளில் ஏறியதற்குப் பல வீடுகளில் வறுமை காரணம், சில வீடுகளில் உரிய நாளில் கிடைக்காத ஒரு செய்தி காரணம்.

அரசின் முயற்சிகள் குறைவல்ல. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டம் பாடத்தோடு தொழில் திறனையும் வழிகாட்டலையும் தருகிறது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் அதே ஆண்டு செப்டம்பரில் வந்தது. மதுரையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் திண்டுக்கல்லிலிருந்து ஒரு பகல் பயணத்தில் சென்று திரும்பும் தொலைவிலேயே உள்ளது. நகராட்சிப் பகுதிகளில் அறிவுசார் மையங்களும் எழுந்துள்ளன. இவற்றுக்கும் மலையடிவாரத்து மாணவருக்கும் இடையிலுள்ள கடைசி ஐந்து கிலோமீட்டரைத்தான் முன்பு கிராம அறிவு மையப் பணியாளர் கடந்துகொண்டிருந்தார்.

ஆகவே கன்னிவாடியிலும் அதைப் போன்ற பேரூராட்சிகளிலும் உள்ள நூலகங்களில், அந்தந்த ஊரைச் சேர்ந்த பயிற்சி பெற்ற ஓர் இளைஞரை, இயன்றவரை ஒரு பெண்ணை, ஊதியத்தோடு தகவல் பணியாளராக அமர்த்த வேண்டும். தொடங்கும் முன் ஊரைக் கேட்க வேண்டும். வாசலில் ஒரு கரும்பலகை வேண்டும். அதில் எழுதத் தகுந்த முதல் செய்திகளுள் ஒன்றை இங்கேயே சொல்லிவிடலாம். 2004இல் தொடங்கிய எராஸ்மஸ் முண்டஸ் என்னும் ஐரோப்பிய ஒன்றியத்தின் முதுகலை உதவித்தொகைக்கு இந்திய மாணவர்கள் விண்ணப்பிக்கலாம். தேர்வாகும் மாணவரிடம் படிப்புக் கட்டணம் பெறப்படுவதில்லை, மாதம் 1,400 யூரோ வழங்கப்படுகிறது. முகவர் எவரும் தேவையில்லை. மாணவரே நேரடியாக விண்ணப்பிக்கலாம். பெரும்பாலான படிப்புகளுக்கு விண்ணப்பக் காலம் அக்டோபரில் தொடங்கி ஜனவரிக்குள் முடிந்துவிடுகிறது.